நாளைப்போவார்களின் இலக்கியம்

"எழுதி என்ன ஆயிடப் போவுது?" இந்தக் கேள்வியைச் சந்திக்காத தலித் இலக்கியக் கூட்டம் இல்லை. கவிதை வாசித்து, கை தட்டி, டீ குடித்துக் கலைகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து யாராவது ஒரு தோழர் கேட்டுவிடுவார். மேடைக்காரர்களிடம் இதற்கு ரெண்டு பதில் தயாராக இருக்கும். 'எழுத்தே ஒரு செயல்தான்' என்பது ஒன்று. 'எழுதறதுதான் எழுத்தாளன் வேலை, போராடறது இயக்கத்தோட வேலை' என்பது இன்னொன்று. முதல் பதிலைச் சொன்னவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கிவிடுகிறார். ரெண்டாவது பதிலைச் சொன்னவர் இயக்கத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தூங்குகிறார். கேட்ட தோழருக்குத்தான் பதில் கிடைத்தபாடில்லை.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுப் பார்ப்போம். ஒரு கதையில், ஒரு பாட்டில், ஒரு தீர்ப்பில், ஒரு ஒப்பந்தத்தில் காரியத்தைச் செய்கிறவர் யார்? யார் நடக்கிறார், யார் வாய் திறந்து கேட்கிறார், யார் கையெழுத்துப் போடுகிறார்? அந்தப் பிரதியை மூடி வைத்தபிறகு சேரி சனங்களின் கையில் என்ன மிஞ்சுகிறது? ஒரு கற்பனை செயலாக மாறியதா இல்லையா என்பதை இப்படித்தான் அளக்க முடியும். காவிரிக் கடைமடையில், அதிலும் திருவாரூரைச் சுற்றி, இப்படி அளந்து பார்க்கப் பிரதிகளுக்குப் பஞ்சமே இல்லை.

நந்தனிலிருந்து தொடங்கலாம். சேக்கிழாரின் பெரிய புராணத்து நந்தனுக்கு ஆண்டை என்று ஒருவர் இல்லை. வேதியர் என்ற நிலக்காரரையும், சிதம்பரம் போய்வர அவரிடம் உத்தரவு கேட்டுக் கெஞ்சி நிற்கிற பண்ணையாளையும் படைத்தது 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி. இந்த டெல்டாவிலேயே வாழ்ந்தவர் அவர். பண்ணையும் சேரியும் எப்படி இருந்தன என்பது அவருக்குத் தெரியும். பண்ணையாள் ஒருத்தன் ஆண்டையின் முன்னால் நின்று தனக்கென்று ஒன்றைக் கேட்கிறான் என்பதே அந்தக் காலத்துக்குப் பெரிய கற்பனை. அதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கற்பனை அடுத்த அடி எடுத்து வைக்க வேண்டிய இடத்தில் என்ன நடக்கிறது? நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் வேதியர். ஒரே ராத்திரியில் சிவனின் அருளால் அத்தனையும் விளைந்து நிற்கிறது. உழுதது, நாற்றுப் பறித்தது, நட்டது, களை எடுத்தது, அறுத்தது எல்லாம் பள்ளர் பறையர் கைகளாக இருந்த பூமியில், அந்த வேலையையே தெய்வத்தின் கணக்கில் எழுதிவிட்டது கீர்த்தனை. நந்தனுக்கு மிச்சம் வைத்தது கெஞ்சலும், கடைசியில் தீயும்தான். தீயில் இறங்கி எழுந்தால் உள்ளே விடுவார்கள். அவனுக்குக் கிடைத்த பேரைப் பாருங்கள்: திருநாளைப்போவார். நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவன். நாளைக்குச் செய்வோம் என்று சொல்லிக்கொண்டே எழுதப்படுகிற இலக்கியத்துக்கும் இந்தப் பேர் பொருந்தும்.

திருவாரூருக்கு இன்னொரு கதை உண்டு. அது செயலாக மாறிய கதை. மனுநீதிச் சோழன் கதை. கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டுச் செத்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. ராஜா தன் பிள்ளையையே தேர்க்காலில் போட்டு நீதி வழங்கினான். தியாகராசர் கோயிலுக்கு வெளியே அதற்குக் கல்தேர் நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. அதிகாரிகள் மனு வாங்கும் நாளுக்கு அரசாங்கமே மனுநீதி நாள் என்று பேர் வைத்திருக்கிறது. ஒரு புராணக் கற்பனை கல்லாகவும் சிலையாகவும் அரசு நடைமுறையாகவும் உருமாறிய விதம் இது. அதிகாரத்தின் கற்பனைக்குக் கால் முளைப்பதில் கஷ்டமே இல்லை. அதற்குச் சிற்பியும் உண்டு, கஜானாவும் உண்டு, தாசில்தாரும் உண்டு.

இப்போது வெண்மணிக்கு வருவோம். திருவாரூரிலிருந்து கீழ்வேளூர், தேவூர் வழியாகப் போனால் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 ராத்திரி, ராமையாவின் குடிசைக்குள் ஒண்டிக்கொண்ட 44 பேரை வெளியே தாழிட்டுக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயசானவர்கள். கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டார்கள் என்றுதான் வழக்கமாகச் சொல்கிறோம். அது பாதிதான். செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக் கொடியின் கீழ் வா என்றார்கள். வரமாட்டோம் என்றார்கள் சனங்கள். அந்த 'மாட்டோம்' என்ற சொல்லுக்குத்தான் தீ.

1970இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் மற்றவர்களுக்கும் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973இல் உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுதலை செய்தது. நிறைய நிலம் வைத்திருக்கிற, காரும் வசதியும் உள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை என்ற போக்கில் தீர்ப்பு யோசித்தது. இலக்கிய விமர்சகர்கள் இந்தத் தீர்ப்பை ஒரு புனைவாக வாசிக்க வேண்டும். பணக்காரன் இப்படித்தான் இருப்பான், அவன் கால் சேற்றில் படாது, அவன் கையில் தீவட்டி இருக்காது என்ற ஒரு பாத்திரப் படைப்பு அதில் இருக்கிறது. அந்தப் பாத்திரப் படைப்புக்கு முன்னால், எரிகிற குடிசையை நேரில் பார்த்த கூலிக்காரர்களின் சாட்சியம் நிற்கவில்லை. பசு மணியடித்தால் ராஜா வந்தான் என்கிற ஊரில், 44 பேர் கத்தியது கேட்கவில்லை. கற்பனை செயலாக மாறுமா என்று கேட்கிற தோழருக்கு இதுதான் முதல் பதில். மாறும். சாதியின் கற்பனை தினம் தினம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

அப்படியானால் நம் பக்கம் இருந்ததாகச் சொல்லப்பட்ட இலக்கியம் என்ன செய்தது? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975இல் வந்தது, 1977இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. வெண்மணியைத் தமிழ் நடுத்தர வர்க்க வாசகரின் வீட்டுக்குள் கொண்டுபோனது அதுதான், அந்தப் பெருமையை அதனிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் நம் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அந்த நாவலில் யோசிக்கிறவர்கள், விவாதிக்கிறவர்கள், தர்மசங்கடப்படுகிறவர்கள் டெல்லியிலிருந்து வந்த படித்தவர்கள். கொடுமைக்கான காரணமோ நாயுடுவின் ஆண்மைக் குறைவில் தேடப்படுகிறது. ஒரு மிராசுதாரின் உடம்புக் கோளாறுதான் காரணம் என்றால், அவன் ஆரோக்கியமாக இருந்திருந்தால் கூலி ஏறியிருக்குமா? நிலம், நீர், சங்கம், கொடி எல்லாம் பின்னணித் திரையாகப் போய்விடுகின்றன. எரிந்தவர்களுக்கு அந்தப் பிரதி கொடுத்த ஒரே வேலை எரிவது. நந்தனுக்குக் கீர்த்தனை கொடுத்த அதே வேலை.

ராஜம் கிருஷ்ணன் வேறு விதமாக வேலை செய்தார். மணலூர் மணியம்மையைப் பற்றி 'பாதையில் பதிந்த அடிகள்' எழுத, எழுதப்பட்ட ஆவணம் அதிகம் இல்லாத நிலையில், இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து மணியம்மையை அறிந்த சனங்களிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். விதவைக் கோலத்தை உதறி வேட்டியும் சட்டையும் கிராப்புத் தலையுமாகச் சேரிக்குள் வந்து சங்கம் கட்டிய பிராமணப் பெண் மணியம்மை. கட்சியே மறந்துபோன ஒருத்தியை மீட்டது பெரிய காரியம். ஆனாலும் ஒன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது. கீழத்தஞ்சையின் கதை எழுதப்படும்போதெல்லாம் வெளியிலிருந்து சேரிக்கு வந்தவர்களுக்குப் பேர் இருக்கிறது, ஏற்கெனவே சேரியில் இருந்தவர்கள் 'மக்கள்' ஆகிவிடுகிறார்கள். சீனிவாசராவ் தெரியும். மணியம்மை தெரியும். 1948இல் சிறையில் இறந்த களப்பால் குப்புவை எத்தனை மாணவர்களுக்குத் தெரியும்? சவுக்குக்கு முன்னால் முதுகைக் காட்ட மறுத்த முதல் பண்ணையாளின் பேர் என்ன?

சீனிவாசராவின் காலத்தில் நடந்ததை நாம் இலக்கியமாக வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டும். சவுக்கடியும் சாணிப்பாலும் பண்ணையின் அன்றாடச் சட்டமாக இருந்த காலம். 'அடிச்சா திருப்பி அடி' என்ற சொல் சேரிக்குள் வந்தது. அது ஒரு வரிக் கற்பனைதான். திருப்பி அடிக்கிற தன் கையை அதுவரை தானே கற்பனை செய்து பார்த்திராதவனிடம் அந்தச் சொல் போய்ச் சேர்ந்தது. 1940களின் நடுவில் மன்னார்குடியில் மிராசுதார்களும் சங்கமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள். சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது என்று எழுத்தில் ஏறியது. 1948இல் மாயவரம் ஒப்பந்தம் வந்தது, 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தில் உவமை இல்லை, படிமம் இல்லை. ஆனால் வினைச்சொல் யாருடையது என்பது மாறியிருக்கிறது. அதுவரை ஆண்டை அடித்தான், ஆள் வாங்கினான். இதில் ஆள் கேட்கிறான், ஆண்டை ஒப்புக்கொள்கிறான்.

அம்பேத்கருக்கு இந்தச் சூட்சுமம் தெரிந்திருந்தது. மகாடில் 1927 மார்ச் 20 அன்று சௌதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். எல்லோரும் சமம் என்ற கருத்தை ஒரு கை நீராக மாற்றினார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியை எரித்தார்கள். நம்மைத் தீயில் தள்ளிய பிரதியையே தீயில் தள்ளியது அந்தச் செயல். தேதியைக் கவனியுங்கள், தோழர்களே. 41 வருஷம் கழித்து அதே டிசம்பர் 25இல் மனுவின் ஆட்கள் வெண்மணியில் தீ வைத்தார்கள். திட்டமிட்டு வந்த தேதி இல்லை அது. ஆனாலும் இரண்டு தீயையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வெண்மணிக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம், 1971இல் குடியிருப்பு மனைகளைக் குடியிருப்போருக்கே உரிமையாக்கிய சட்டம். ரெண்டாவதின் முக்கியத்துவம் டெல்டாக்காரர்களுக்குப் புரியும். குடிசை நின்ற மண் மிராசுதாருடையது. கூலி கேட்டால் குடிசையைப் பிரித்துப் போட்டு விரட்டலாம். காலுக்குக் கீழ் மண் இல்லாதவன் எதிர்த்துப் பேசுவது எப்படி? அந்தச் சட்டம் இலக்கியவாதிகள் யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லை. 44 பேர் உயிரும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த போராட்டங்களும் எழுதியது.

இந்த இடத்தில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனைப் பேசாமல் போக முடியாது. 1926இல் இன்றைய திண்டுக்கல் மாவட்டத்து அய்யன்கோட்டையில் தலித் குடும்பத்தில் பிறந்தவர். வெண்மணிச் செய்தி கேட்டு இந்தப் பக்கம் வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். 1981இல் கணவர் ஜெகந்நாதனோடு உழுபவர் நில உரிமை இயக்கத்தை, லாப்டியை, தொடங்கினார். அவருடைய கற்பனை ரொம்ப எளிமையானது: கூலிக்காரப் பெண்ணின் பேரில் ஒரு ஏக்கர். அதைச் செயலாக்கிய விதத்தைப் பாருங்கள். விற்க மனசுள்ள நிலக்காரர்களைக் கண்டுபிடிப்பது, விலை பேசி முடிப்பது, வங்கிக் கடனையும் அரசு உதவியையும் சேர்ப்பது, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடப்பது, குடும்பத்துக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கராகப் பிரிப்பது, பத்திரத்தைப் பெண் பேரில் பதிவது. இப்படிப் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் கை மாறியிருக்கிறது. வெண்மணிக் குடும்பங்களும் அதில் உண்டு. பிறகு கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்து நன்செய்யை உப்பாக்கியபோது, ஜெகந்நாதன் போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரம் ஒரு பிரதி, வழக்கு மனு ஒரு பிரதி. தமிழ் விமர்சனம் இவற்றை வாசிக்கப் பழக வேண்டும்.

லாப்டி மீது தலித் நோக்கிலிருந்து ஒரு கேள்வி உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்? பறித்தவனுக்கே பணமும் கொடுத்து, கடனையும் நாமே சுமப்பதா? 1892 உத்தரவின்படி நமக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்கப் போன இடத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு மாவட்டக் காரணையில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். அவர்கள் கேட்டது விலைக்கு இல்லை, உரிமைக்கு. சர்வோதயப் பாதை மிராசுதாரின் மனசாட்சியை நம்புகிறது, நிலம் அவனுடையது என்பதை ஒப்புக்கொண்டே பேரம் பேசுகிறது என்ற விமர்சனம் நியாயமானதுதான். ஆனால் இந்த விமர்சனத்தை மேடையில் சொல்கிற நம்மில் பலர் ஒரு சென்ட் நிலத்தைக்கூட யார் பேருக்கும் மாற்றிக் கொடுத்ததில்லை. லாப்டியின் பாதையை ஏற்காதவர்கள் காரணையின் பாதையில் போகலாம். ரெண்டிலும் போகாமல் ரெண்டையும் விமர்சித்துக்கொண்டிருப்பது நாளைப்போவார் வேலை.

பாட்டு என்ன செய்யும் என்பதற்கும் வெண்மணியே சான்று. வெண்மணியை முன்வைத்து இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டைக் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராக எடுத்துப் போனார். படிக்கத் தெரியாத சனங்களும் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டில் பேசுகிறவன் யார் என்பதுதான் விஷயம். அனுதாபப்படுகிற பார்வையாளன் இல்லை, எரிக்கப்பட்டவர்களின் ஆள் தன் குரலில் எதிரியைப் பார்த்துப் பேசுகிறான். பாடுகிற ஒவ்வொருவரும் அந்த நேரத்துக்கு அந்த ஆளாகிவிடுகிறார்கள். குருதிப்புனல் செய்ய முடியாததை அது செய்தது. எதிரே நின்று பேசுவதற்குக் கூட்டத்தைத் தயார்ப்படுத்தியது.

தயார்ப்படுத்தியது, அவ்வளவுதான். அதற்கு மேல் பாட்டு தானாக நடக்காது. 2016 ஜனவரியில், அப்போது நாகை மாவட்டத்தில் இருந்த திருநாள்கொண்டச்சேரியில் ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதை வழியாக எடுத்துப் போகலாம் என்று உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. போலீஸ் என்ன செய்தது? ஆதிக்கச் சாதிக்காரர்களைத் தள்ளி நிற்கச் சொல்வதற்குப் பதிலாக, உடலைத் தானே தூக்கிக்கொண்டு வேறு வழியாகப் போய் அடக்கம் செய்தது. உத்தரவு தாளில் நின்றது. இதே மாதிரியான ஒரு சாவைப் பற்றி அம்ஷன் குமார் 2017இல் படம் எடுத்தபோது இன்குலாபின் பாட்டுத் தலைப்பையே வைத்தார். வெண்மணிக்காக எழுதின பாட்டு அரை நூற்றாண்டு கழித்தும் ஒரு பிணம் போகிற பாதைக்குத் தேவைப்படுகிறது. பாட்டுக்கு இது பெருமை. நமக்கு என்னவென்று நாமே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

நீதிமன்ற உத்தரவுக்கே கால் முளைக்கவில்லை என்றால் கவிதைக்கு எப்படி முளைக்கும் என்று சோர்ந்து போகலாம். ஆனால் இதுவரை பார்த்த பிரதிகளை வரிசையாக வைத்தால் ஒன்று தெரிகிறது. ஒப்பந்தம், பத்திரம், பாட்டு எல்லாவற்றிலும் எழுதினவருக்கும் செய்கிறவருக்கும் நடுவில் தூரம் குறைவாக இருந்தது. மைதிலி சிவராமன் வெண்மணிக்குப் போய்ச் சனங்களிடம் பேசி எழுதியதால்தான், 1973 தீர்ப்பு வந்த உடனே அதை அம்பலப்படுத்தி ஆங்கிலத்தில் எழுத அவரால் முடிந்தது. பாரதி கிருஷ்ணகுமார் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படத்தில் உயிரோடு இருந்தவர்களைப் பேச வைத்தார். இந்த மண்ணில் வாழ்ந்து இந்த மண்ணைப் பற்றி எழுதிய சோலை சுந்தரபெருமாளின் 'செந்நெல்' வயலுக்குள்ளிருந்து வெண்மணியைப் பார்த்தது. தூரம் குறைந்த இடத்தில் எழுத்து யாருக்காவது பயன்படுகிறது. தூரம் கூடின இடத்தில் பரிசு வாங்குகிறது.

டிசம்பர் 25க்கு வெண்மணி நினைவிடத்துக்கு வருஷா வருஷம் பஸ் பிடித்து, வேன் பிடித்துப் போகிறோம். கொடி ஏற்றுகிறோம், கவிதை வாசிக்கிறோம். அது நடக்கட்டும், நிறுத்தக் கூடாது. அதோடு இன்னொரு வேலையும் சேர்க்கலாம். திருவாரூர், நாகை மாவட்டத்துச் சேரிகளில் பாதிக்குப் பாதி மனைகள் யார் பேரில் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. கோயில் மனையா, மடத்து நிலமா, புறம்போக்கா, பழைய மிராசுதார் பேரிலேயே இன்னும் கிடக்கிறதா? 1971 சட்டப்படி வர வேண்டிய உரிமை வந்ததா? வட்ட அலுவலகத்தில் 'அ' பதிவேடு இருக்கிறது. கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. எழுதுகிற ஒவ்வொருவரும் ஒரு சேரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தெருவில் மூத்த கிழவியிடம் உட்கார்ந்து, அவளுடைய பண்ணைக் காலத்தை அவள் சொல்கிற மொழியிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். அவள் பேரில் மனைப் பட்டா இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மனு எழுதி அவளோடு போய்க் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். மனுநீதி நாள் என்று அவர்களே பேர் வைத்திருக்கிறார்கள், அங்கேயே போய்க் கொடுக்கலாம்.

அடுத்த டிசம்பர் 25க்கு வரும்போது ஒரு கையில் அந்தக் கிழவியின் சாட்சியமும், இன்னொரு கையில் அந்த ரசீதும் இருக்கட்டும். ரெண்டையும் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். சாட்சியத்தை அச்சில் போடலாம். மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று அடுத்தடுத்த இதழில் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.